பூஜ்யத்துக்கு இடப்பக்கம்

தோளில் துண்டும் கையில் சோப்புப் பெட்டியுமாக முத்திரை தம்பி வீட்டுக் குளியலறை வாசலில் நிற்கிறாள், பாவம். மாடியில் அவள் வீட்டு வெந்நீர் மெஷின் புகைந்து அணைந்துவிட்டது. கீழே இறங்கி வந்து தம்பி வீட்டு வெந்நீரில் குளிப்பதா, பச்சைத் தண்ணீரில் குளித்து ஒரு வாரம் தும்முவதா என்று யோசித்துப் பார்த்து, மானத்தை மாடியிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள்.

முத்திரை என்பது அவள் பெயரல்ல. எடை அளவு ஆய்வாளர் உத்தியோகம். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவாள், குத்த முடியாததைப் பறிமுதல் செய்வாள். அந்தப் பெயர் வீட்டுக்குள்ளும் வந்து ஒட்டிக்கொண்டது. ஏழு மாதத்துக்கு முன்னால் தன்னுடைய சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுத்தவள். பாசத்தில் உருகிக் கொடுத்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். "எனக்குத்தான் பொருந்துதுன்னா நான்தானே குடுத்துத் தொலைக்கணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரில் ஏறியவள்.

அன்றிலிருந்து உறவுக்காரர்கள் அவளைத் தெய்வம் என்கிறார்கள். ரத்தப் பரிசோதனைக்குக் கூப்பிட்டபோது ஒருத்தருக்கு முதுகுவலி, ஒருத்தருக்கு வெளியூர்ப் பயணம், ஒருத்தர் போனே எடுக்கவில்லை. அந்த மூன்று பேரும்தான் இப்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குகிறார்கள். முத்திரைக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல்.

"அண்ணி, வெந்நீர் ரெடி" என்றாள் தம்பி மனைவி.

அவள் மழலையர் பள்ளி டீச்சர். மூன்று வயதுக் குழந்தைகளோடு பேசிப் பேசி, முப்பது வயதுக்காரர்களிடமும் அதே குரலில்தான் பேசுவாள். பெயர் வேறு வேண்டுமா, டீச்சர் என்றே வைத்துக்கொள்வோம்.

"மைனர் எங்க?"

"கடைக்குப் போயாச்சு அண்ணி. ஏழு மணிக்கே."

மைனர் என்றால் தம்பி. சொந்தமாகச் சலூன் வைத்திருக்கிறான். நான்கு சுவரில் மூன்று சுவருக்குக் கண்ணாடி. வாடிக்கையாளர்கள் பார்ப்பதற்காக என்று சொல்லிக்கொண்டாலும், யார் பார்ப்பதற்காக என்று எல்லோருக்கும் தெரியும். சட்டை மடிப்பு கலையாமல் உட்காரவும் கற்று வைத்திருக்கிறான். அப்படி ஒரு பிறவி.

முத்திரை உள்ளே போய்த் தாழ் போட்டாள். வாளிக்குப் பக்கத்தில் எடை மெஷின் கிடந்தது. ஆள் ஏறி நின்றால் முள் சுற்றுகிற பழைய மாதிரி. ஆபரேஷனுக்குப் பிறகு மைனர் தினமும் காலையில் எடை பார்த்து எழுத வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதால் வாங்கியது.

தராசைக் கண்டால் முத்திரைக்குக் கண் தானாக முள்ளுக்குத்தான் போகும். சிலர் குழந்தையைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளுவது மாதிரி, அது ஒரு பழக்கம். யாரும் ஏறாமல் சும்மா கிடந்த அந்த மெஷினில் முள் பூஜ்யத்தில் நிற்கவில்லை. பூஜ்யத்துக்கு இடப்பக்கம் மூன்று கோடு தள்ளி நின்றது.

ஒரு கோடு ஒரு கிலோ.

காலால் தட்டிப் பார்த்தாள். அசையவில்லை. குனிந்து பார்த்தாள். முள்ளை நேராக்குகிற சின்னத் திருகு சக்கரம் பின்பக்கம் இருந்தது. அதன் பற்களில் எங்கும் சோப்புப் பிசுக்கு அப்பியிருக்க, ஓர் இடத்தில் மட்டும் விரல் பட்டுப் பட்டுச் சுத்தமாக இருந்தது. பதினெட்டு வருஷ சர்வீஸில் இந்த மாதிரிச் சக்கரங்களை எத்தனை பார்த்திருப்பாள். தராசு தானாகப் பொய் சொல்லாது. யாரோ ஒருத்தர் அதற்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

குளிக்காமலே கதவைத் திறந்தாள்.

"ஏம்மா, இதிலே யார் எடை பார்க்கிறது?"

"அவர்தான் அண்ணி. நான் பக்கத்துல நின்னு முள்ளைப் பார்த்து நோட்டுல எழுதிடுவேன். அவர் சொல்றதை எழுதறதில்ல, நானே பார்ப்பேன்" என்று பெருமையாகச் சொன்னாள் டீச்சர்.

"ஏறினதுக்கு அப்புறம் பார்ப்பே. ஏறறதுக்கு முன்னாடி பார்த்திருக்கியா?"

டீச்சர் விழித்தாள். விடையை மட்டும் பார்த்து டிக் போடுகிற கூட்டம். கணக்கை எந்தக் காலத்தில் பார்த்தது?

முத்திரை மாடிக்கு ஓடி ஆபீஸ் பெட்டியைத் தூக்கி வந்தாள். அதில் சோதனை எடைக்கற்கள் இருந்தன. ஐந்து கிலோ கல்லை மெஷினில் வைத்தாள். முள் இரண்டில் போய் நின்றது. "அடப்பாவி" என்றாள் வாய்விட்டு.

"நோட்டைக் கொண்டா."

நோட்டு வந்தது. அட்டை போட்டு, கோடு கிழித்து, அழகான கையெழுத்து. தினமும் அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு, அறுபத்தெட்டு. ஒவ்வொரு நாளுக்கும் பக்கத்தில் ஒரு தங்க நட்சத்திரம் ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் அழாமல் இருக்கிற குழந்தைகளுக்கு நெற்றியில் ஒட்டுகிற அதே நட்சத்திரம்.

"இதென்ன கண்ராவி?"

"ஊக்கம் குடுக்கத்தான் அண்ணி. அவருக்குப் பிடிக்கும்."

பிடிக்கும், பிடிக்கும். நாற்பத்திரண்டு வயதுக் கழுதைக்கு நட்சத்திரம் பிடிக்கும். ஒரு கிலோ கூடியிருக்கிறது என்று எழுதினால் நட்சத்திரம் கிடைக்காதே.

"பிரஷர் கட்டத்துல ஒரு வாரமா ஒண்ணுமே எழுதலையே?"

"அந்த மெஷின் கெட்டுப் போச்சு அண்ணி. நூத்தி அறுபது, நூத்தி அறுபத்தஞ்சுன்னு கண்டபடி காட்டுது. அதான் பரண்ல போட்டுட்டோம்."

சரியாக இருந்த தராசில் பொய்யை ஏற்றியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்ன மெஷினைப் பரணில் ஏற்றியிருக்கிறார்கள். இந்த வீட்டில் புத்தி என்கிற பொருளுக்குத் தட்டுப்பாடு என்று அவளுக்கு எப்போதோ தெரியும், இவ்வளவு என்று தெரியாது.

"ஆனா உடம்பு நல்லாத்தான் இருக்கார் அண்ணி" என்றாள் டீச்சர் அவசரமாக. "முன்னெல்லாம் ராத்திரி ரெண்டு மூணு வாட்டி பாத்ரூம் போக எழுந்திருப்பார். இப்போ நாலஞ்சு நாளா எழுந்திருக்கிறதே இல்ல. நிம்மதியாத் தூங்கறார். கன்னம்கூட லேசா வச்சிருக்கு."

"நிம்மதியாத் தூங்கறானா? உள்ளே போற தண்ணி வெளியே வரலைடி! கன்னம் வச்சிருக்காம், கன்னம். வீங்கியிருக்கு!"

சொல்லி முடித்த பிறகுதான் முத்திரைக்கு ஒன்று உறைத்தது. மூன்று நாளாக மைனர் பாலிஷ் போட்ட ஷூவை விட்டுவிட்டு ரப்பர் செருப்பில் போய்க்கொண்டிருந்தான். மாடிப்படியில் நின்று, "என்னடா, சினிமாக்காரன் செருப்புக்கு இறங்கிட்டான்?" என்று அவளே கேட்டுச் சிரித்தாள். கால் ஷூவுக்குள் நுழையவில்லை என்பது மண்டையில் ஏறவில்லை. தராசின் முள் அரைக்கோடு தள்ளினால் தெரிகிற கண்ணுக்குத் தம்பியின் கால் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி அட்டையில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். மாற்றுச் சிறுநீரகப் பிரிவின் நர்ஸ் எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள்.

"ஜுரம் இருக்கா?"

"தெரியாது."

"தையல் போட்ட பக்கம் வலி?"

"இருந்தாலும் சொல்ல மாட்டான்."

"காலை மாத்திரை போட்டாச்சா?"

டீச்சர் குறுக்கே வந்தாள். "ஒன்பது மணிக்குத்தான். டப்பாவுல குடுத்து அனுப்புவேன், கடையில போட்டுக்குவார். நான் போன் பண்ணிக் கேட்பேன்."

"அப்போ போட வேணாம்னு சொல்லுங்க. ரத்தம் எடுத்துட்டுப் போட்டுக்கலாம். உடனே கூட்டிட்டு வாங்க. மத்தியானம் வரலாம், நாளைக்கு வரலாம்னு வச்சுக்காதீங்க. உடம்பு அந்தக் கிட்னியைத் தள்ள ஆரம்பிச்சிருக்கலாம். சீக்கிரம் பிடிச்சா நிறுத்திடலாம், விட்டுட்டா போனது போனதுதான்."

முத்திரை மெஷினை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"அதை ஏன் அண்ணி எடுக்கறீங்க?"

"அவன் நாக்கை நம்பி அந்த ஆஸ்பத்திரிக்கு என்னாலே போக முடியாது."

---

எடை மெஷினை இடுக்கிக்கொண்டு ஒரு பெண் அதிகாரி நடந்து போனால் தெரு சும்மா இருக்குமா? பழக்கடைக்காரன் அவளைக் கண்டதும் தன் தராசைத் துணி போட்டு மூடினான். இன்னொரு நாளாக இருந்தால் அந்தத் துணிக்காகவே நின்றிருப்பாள். இன்றைக்கு அவன் பிழைத்தான்.

சலூனில் இரண்டு நாற்காலியும் நிறைந்திருந்தன. முதல் நாற்காலியில் மைனர் ஒருவருக்கு முகத்தில் நுரை பூசிக்கொண்டிருந்தான். இரண்டாவது நாற்காலியில் இருந்தவருக்கு, அவனிடம் வேலை செய்கிற மாஸ்டர் முடி வெட்டிக்கொண்டிருந்தார். பெஞ்சில் மூன்று பேர் காத்திருந்தார்கள். மைனர் தலைமுடி கருகருவென்று மின்னியது. மூன்று கண்ணாடியிலும் மூன்று மைனர், மூன்று பேரும் ரப்பர் செருப்பு.

முத்திரை மெஷினைத் தரையில் வைத்து, திருகு சக்கரத்தைச் சுற்றி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.

"ஏறு."

"அக்கா, கஸ்டமர் இருக்காங்க."

"இருக்கட்டும். ஏறு."

"வீட்டுல பார்த்துக்கலாம்க்கா. நீ போ, நான் வரேன்."

"வீட்டுல உனக்கு ஒரு பூஜ்யம், எனக்கு ஒரு பூஜ்யமா? ஏறுடா!"

நுரையோடு இருந்தவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே, "ஏறிடுப்பா, அவங்க விட மாட்டாங்க" என்றார்.

மைனர் செருப்பைக் கழற்றினான். புறங்காலில் செருப்பு வார் பதிந்த பள்ளம் அப்படியே நின்றது. மெஷினில் ஏறினான். முள் சுற்றிப் போய் எழுபத்தொன்றைத் தாண்டிக் கொஞ்சம் ஆடி நின்றது.

டீச்சர் வாசலில் நின்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எத்தனை நாளா?" என்றாள் முத்திரை.

"ஒரு அஞ்சு நாள்..." என்று இழுத்தான். "ஒரு கிலோ ஏறிச்சு. தண்ணி அதிகமாக் குடிச்சிருப்பேன்னு ஒரு கோடு தள்ளினேன். அப்புறம் இன்னொண்ணு ஏறிச்சு."

"அப்புறம் இன்னொரு கோடு."

"சரியாயிடும்னு நினைச்சேன்க்கா."

சரியாயிடும்! காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை ஐஸில் வைக்கிற ஜென்மம். தட்டுக்கு அடியில் புளியை ஒட்டித் தராசைச் சாய்க்கிற கடைக்காரர்களுக்காவது நாலு காசு மிச்சம். இவனுக்கு என்ன மிச்சம்? சொந்த உடம்பையே எடையில் ஏமாற்றிய ஒருவனை அவள் சர்வீஸில் இதுவரை பார்த்ததில்லை. என் சிறுநீரகம் போயும் போயும் இவனுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறதே என்று அவளுக்கு வயிறெரிந்தது.

"மாஸ்டர், சாரை நீங்க முடிச்சு அனுப்புங்க" என்று இரண்டாவது நாற்காலியிடம் சொல்லிவிட்டு, தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

---

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். தையலுக்குக் கீழே விரலால் அழுத்தியபோது மைனர் முகம் சுளித்தான். "வலிக்கலை" என்றான் உடனே. டாக்டர் அவன் வாயைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு முதல் ரிப்போர்ட் வந்தது. ரத்தத்தில் கழிவு எவ்வளவு தங்குகிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் போன மாதம் ஒன்று புள்ளி இரண்டு, இன்றைக்கு இரண்டு புள்ளி ஐந்து. இரண்டு மணிக்கு அடுத்தது வந்தது. ரத்தத்தில் மருந்து இருக்க வேண்டிய அளவில் பாதிகூட இல்லை.

டாக்டர் பேப்பரைப் படுக்கையில் வைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருந்த, அவசரப்படாத மனிதர்.

"புதுக் கிட்னியை உடம்பு எதிரின்னு நினைச்சு அடிக்கும். அடிக்காம தடுக்கத்தான் அந்த மாத்திரை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒண்ணு. நான் போலீஸ் இல்ல, திட்டவும் மாட்டேன். எத்தனை விட்டீங்க?"

மைனர் ஜன்னலைப் பார்த்தான். "சாயங்கால மாத்திரை ஒண்ணுகூட விடலை டாக்டர்."

"காலை?"

"ஆறு வாரமாப் போடறதில்ல."

"ஒன்பது மணிக்குப் போன் பண்ணுவேனே! போட்டாச்சுன்னு சொல்வீங்களே!" என்றாள் டீச்சர். ஆறு வாரம். நாற்பத்திரண்டு நட்சத்திரம்.

முத்திரை வாயைத் திறந்தாள். பட்டை தீட்டிய வார்த்தை நாலைந்து நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. அதற்குள் டாக்டர் கையை உயர்த்தினார்.

"ஏன்?"

"கை நடுங்குது."

அவ்வளவு சின்னக் குரலில் மைனர் பேசி அவள் கேட்டதில்லை.

"அந்த மாத்திரை போட்டா ரெண்டு மூணு மணி நேரம் கை நடுங்கும் டாக்டர். அது எனக்கு வேலை நேரம். கத்தியைப் பிடிச்சிட்டு ஒருத்தர் கழுத்துக்கிட்டே போகணும். போடலைன்னா நடுங்கறதில்ல."

"நடுக்கம்னு ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லியிருந்தா அளவைக் குறைச்சோ, வேற மாதிரி மாத்திரை குடுத்தோ பார்த்திருப்போமே? நிறையப் பேருக்கு வர்றதுதான்."

"எப்படி டாக்டர் சொல்றது? சொன்னாச் சிரிப்பாங்க. சிரிச்சாங்க." மைனர் அப்போதும் ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "கடை நிறைய ஆள். முதல் நாற்காலியில என்னோட இருபது வருஷக் கஸ்டமர். கை லேசா ஆடிச்சு. வாசல்லே நின்னுட்டிருந்த ஒருத்தங்க, 'சார், கழுத்துக்கு இன்சூரன்ஸ் எடுத்துட்டீங்களா'ன்னாங்க. கடையே சிரிச்சுது. அவரும் சிரிச்சார். சிரிச்சுட்டே எழுந்து ரெண்டாவது நாற்காலிக்குப் போயிட்டார். அதுக்கப்புறம் என்கிட்ட உட்காரவே இல்ல."

அந்த ஒருத்தங்க யார் என்று அவன் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை. டீச்சர் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள்.

முத்திரைக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த வசனத்தை அடுத்த நாள் ஆபீஸில் சொல்லிக் காட்டினாள். அதற்கடுத்த வாரம் போனில் அத்தை பெண்ணிடம் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் நன்றாக எடுபட்டது.

டாக்டர் நிலைமையைச் சொன்னார். கிட்னியில் மெல்லிய ஊசி போட்டு ஒரு துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும். உடம்பு தள்ளுவதுதான் என்று உறுதியானால் மூன்று நாள் மருந்து ஏற்றி நிறுத்தப் பார்க்கலாம். ஊசி போடுகிற டாக்டர் நான்கு மணிக்குப் போய்விடுவார், அதற்குள் சம்மதக் கையெழுத்து வேண்டும்.

"வேணாம்" என்றான் மைனர்.

"என்னது?"

"கிட்னி போனாப் போகட்டும். பழையபடி வாரத்துக்கு மூணு நாள் மெஷின்ல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கிறேன். மீதி நாலு நாளாவது கை என் கையா இருக்கும்." பேனாவைக் கட்டில் ஓரத்தில் வைத்தான். "இவங்களை வெளியே போகச் சொல்லுங்க டாக்டர்."

---

வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மணி மூன்று பத்து.

"கோழை" என்றாள் முத்திரை. "கை நடுங்குதுன்னு சொல்ல வெட்கம், செத்துப்போக வெட்கமில்லை. என்ன ஆம்பிளையோ!"

"போதும் அண்ணி."

டீச்சர் அதைக் கத்திச் சொல்லவில்லை. ஆனால் அது மழலையர் பள்ளிக் குரலும் இல்லை.

"நான் முட்டாள்தான். முள்ளைப் பார்த்தேன், பூஜ்யத்தைப் பார்க்கலை. பிரஷர் மெஷினைப் பரண்ல போட்டேன். அதுக்கு என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா அவர் இந்த ஆறு வாரமாப் பயந்தது வியாதிக்கு இல்ல. உங்களுக்கு."

பதினொரு வருஷமாக டீச்சரை எடுப்பார் கைப்பிள்ளை என்று எண்ணி வந்தவள் முத்திரை.

"உள்ளே போய்ப் பேசுங்க. இல்லேன்னா மாடியிலேயே இருங்க, இனிமே கீழே இறங்கி வராதீங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வார்டில் எட்டுக் கட்டில். எல்லாவற்றிலும் ஆள், ஆளுக்கு ஒரு துணை. மைனர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"எழுந்திரு. கையெழுத்துப் போடு."

அசையவில்லை.

"சரி. தப்புதான். போதுமா?"

மைனர் திரும்பினான். "அன்னிக்கு எத்தனை பேர் முன்னாடி சொன்னே? இப்போ காதுல வந்து சொல்றியே. எவ்வளவு சௌகரியம்!"

அக்காவுக்குத் தப்பாமல் பிறந்த தம்பிதான். அந்தக் கேலி அவள் குரலிலேயே வந்து அவளைக் குத்தியது. உனக்காக உடம்பைக் கிழித்துக் கொடுத்தவளடா நான் என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். நான்கு மணி ஆகிவிடும். அவளுக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

கட்டிலுக்கு முன்னால் நகர்ந்து வார்டின் நடுவில் நின்றாள். சந்தையில் நாற்பது கடைக்காரர்களை ஒரே அதட்டலில் நிறுத்துகிற தொண்டையைத் திறந்தாள்.

"எல்லாரும் ஒரு நிமிஷம் இப்படித் திரும்புங்க."

எட்டுக் கட்டிலும் திரும்பியது. மருந்து வண்டி தள்ளிவந்த நர்ஸ் அப்படியே நின்றாள்.

"இது என் தம்பி. முடி வெட்டறவன்."

"மாஸ்டர்" என்றான் மைனர் பின்னாலிருந்து.

"மாஸ்டர். இருபது வருஷமா ஒருத்தர் கழுத்துலயும் ஒரு கீறல் விழுந்ததில்ல. ஆபரேஷனுக்கு அப்புறம் இவன் கை நடுங்கிச்சு. நான் ஆள் நிறைஞ்ச கடையில நின்னு கிண்டல் பண்ணினேன். அதுக்குப் பயந்து மாத்திரையை விட்டிருக்கான். இப்போ நான் குடுத்த கிட்னி போகப் பார்க்குது."

நிறுத்தியிருக்கலாம். அது போதும். ஆனால் தொண்டை நிற்கவில்லை.

"நடுக்கம் மாத்திரையாலே வர்றதுன்னு எனக்குத் தெரியும். கிட்னி குடுத்தவங்களுக்கும் மாத்திரையைப் பத்தின புஸ்தகம் குடுத்தாங்க, நான் படிச்சேன். தெரிஞ்சேதான் கிண்டல் பண்ணினேன். ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் என்னைத் தெய்வம்னு சொன்னாங்க. இவன் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை, நல்லதா ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லலை. அந்த வயித்தெரிச்சல்." அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுடுடா."

நாற்பத்தேழு வயதில் அந்த வார்த்தையை அவள் முதல் தடவையாகச் சொல்கிறாள். முகம் சுண்டிப்போய்விட்டது. மூலைக்கட்டில் கிழவர் ஒருவர் இருமலை அடக்கிக்கொண்டார்.

மைனர் எழுந்து உட்கார்ந்தான். வீங்கிய காலைத் தொங்கப் போட்டான்.

"நன்றின்னு சொல்ல எத்தனை வாட்டி மாடிப்படி ஏறினேன் தெரியுமாக்கா? பாதியிலேயே இறங்கிடுவேன். சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே? அதையும் நாலு பேர்கிட்ட நடிச்சுக் காட்டியிருப்பே."

முத்திரை கட்டில் ஓரத்தில் கிடந்த பேனாவை அவன் பக்கம் நகர்த்தினாள்.

அவன் பேனாவை எடுத்தான். நர்ஸ் தாளை நீட்டினாள். மணி மூன்று நாற்பது.

"இது ஊசிக்கு மட்டும்" என்றான். "மாத்திரையைத் திரும்பப் போடறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. அது நீ சொல்லி நான் கேக்கறது இல்ல. யோசிக்கணும்."

"யோசி."

கையெழுத்துப் போட்டான். மைனருக்கு எழுத்தும் அழகு. முதலெழுத்தைச் சுழித்து, கீழே நீளமாக ஒரு கோடு இழுத்து, புள்ளி வைத்தான். எங்கேயும் பேனா தடுமாறவில்லை. கோடு அளவுகோல் வைத்துப் போட்டது போல நேராக ஓடியது.

மாத்திரை போட்டிருந்தால் நடுங்கியிருக்க வேண்டிய அந்தக் கையையே முத்திரை பார்த்துக்கொண்டு நின்றாள். நடுங்குடா, கொஞ்சம் நடுங்கேன் என்று அவளுக்குக் கெஞ்ச வேண்டும் போல இருந்தது. அந்தக் கை கல்லாட்டம் நின்றது.